‘சொந்தப் பிள்ளை’ என்ற கட்டம்

குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த நேரத்தில் சித்தி கடையில் ஒரு பெரிய மனிதரின் கால்சட்டையை இடுப்பில் தளர்த்திக்கொண்டிருந்தாள். பெரிய மனிதர்கள் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் சித்தி வீட்டில் அடுப்பு எரிகிறது. சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, “இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வர்றியா?” என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவர். பாதி மாடியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் “பதறாதீங்க, வந்துட்டேன்” என்று சொல்லிச் சொல்லி, தானும் பதறக் கூடாது என்று பழகிப்போனவர். அவர் குரல் கம்மியிருந்ததைக் கேட்டதும் சித்தி ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

சித்தி என்றால் யாருக்குச் சித்தி என்று கேட்பீர்கள். முறைப்படி மூத்தவளுக்கு மட்டும்தான். சித்தப்பாவின் அண்ணனும் அண்ணியும் ஒரே விபத்தில் போய்ச் சேர்ந்தபோது மூத்தவள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். அண்ணன் வீட்டிலிருந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தப்பா வந்தார். சித்தி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். பின்னால் அவள் பெற்ற இரண்டும், அக்கா கூப்பிடுவதைப் பார்த்து, சித்தி சித்தி என்றே வளர்ந்தன. தைக்கும் கடையின் முதலாளியம்மாவுக்கு நம் மொழி தெரியாது. பிள்ளைகள் கடைக்கு வந்து கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் இவள் பெயர் என்று நினைத்துக்கொண்டார். ஆக, சம்பளச் சீட்டைத் தவிர எல்லா இடத்திலும் அவள் சித்திதான். நாமும் அப்படியே சொல்வோம்.

கடிதத்தை மூத்தவள்தான் வாசித்துச் சொன்னாள். அவர்கள் பிழைக்க வந்திருந்த அந்த நாட்டின் மொழி, வீட்டில் முழுசாகத் தெரிந்தவள் அவள். மின்சார அலுவலகமோ பள்ளிக்கூடமோ பல் டாக்டரோ, எங்கே போனாலும் அவள்தான் பேசுவாள். அவள் வாயைத் திறந்தால் அந்த ஊர்க்காரர்களே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நேரங்களில் சித்தி நிற்கிற நிற்பைப் பார்க்க வேண்டும். ஏதோ தானே பேசியதைப் போல மூக்கு ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும்.

நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே மனு போட்டிருந்தார்கள். அதைப் பற்றித்தான் கடிதம். மூத்தவளைச் ‘சொந்தப் பிள்ளை’ என்று குறித்திருக்கிறீர்கள். அவளுடைய பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் வேறாக இருக்கிறது. தத்தெடுத்ததற்கான ஆவணமும் இல்லை. விசாரணைக்கு நேரில் வாருங்கள். வேண்டுமென்றே தவறான தகவல் தந்தீர்கள் என்று தெரிந்தால் மனு மொத்தமும் தள்ளுபடி ஆகலாம். மூத்தவள் இதையெல்லாம் யாரோ எவளோ ஒருத்தியைப் பற்றிப் படிப்பதைப் போல, தடங்கலே இல்லாமல் படித்து முடித்துக் கடிதத்தை மடித்து வைத்தாள். இன்னும் சில மாதங்களில் அவளுக்குப் பதினெட்டு வயது. இந்த மனுவில் அவளுக்கு இடமில்லை என்றாகிவிட்டால், அதற்குப் பிறகு அவள் குடும்பத்தோடு இங்கே இருக்க முடியாது. திரும்பிப் போக வேண்டும். போனால் அங்கே அவளுக்குக் கதவு திறக்க ஒரு நாதி கிடையாது.

“வக்கீல் வச்சிடலாம்” என்றார் சித்தப்பா.

“எதுக்கு?”

“எதுக்குன்னா? இதெல்லாம் சட்டம். நமக்கு என்ன தெரியும்?”

“நாம என்ன கொலை பண்ணிட்டோமா, கொள்ளை அடிச்சுட்டோமா? வக்கீலைக் கூட்டிட்டுப் போய் நின்னா, இதுங்க ஏதோ பண்ணியிருக்குதுங்கன்னுதான் நினைப்பான். நம்ம பிள்ளையை நம்ம பிள்ளைன்னு சொல்ல எவனோ ஒருத்தன் கோட்டு மாட்டிக்கிட்டு வரணுமா?”

சித்தியின் ரோஷம் அந்தக் கட்டடம் முழுக்கப் பிரசித்தம். ஒருமுறை வீட்டுச் சொந்தக்காரர், “உங்கள் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள்” என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே மூன்று பேரையும் குளிப்பாட்டி, தலை வாரி, வரிசையாக அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, “இதுங்கதான் சத்தம் போடறது, நல்லாப் பாத்துக்குங்க” என்றாள். மூத்தவள் அதை ஏதோ மரியாதையான வார்த்தைகளில் மாற்றிச் சொன்னதால் வீட்டுக்காரர் மிட்டாய் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கட்டத்தை டிக் செய்ததும் சித்திதான். மனுவில் மூன்று கட்டங்கள் இருந்தன: சொந்தப் பிள்ளை, தத்துப் பிள்ளை, கணவன் அல்லது மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளை. சித்தி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முதல் கட்டத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனாள். தத்து என்ற பேச்சு வீட்டில் வராமல் இல்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு சொந்தக்காரர், “எதுக்கும் முறையா எழுதி வாங்கிக்கங்களேன்” என்று சொல்லப்போக, “நம்ம வீட்டுப் பிள்ளையை நாம யாருகிட்ட இருந்துய்யா எழுதி வாங்கறது?” என்று சித்தி கேட்டாள். இங்கே வரும்போதும் பாதுகாவலர் என்று ஒரு சான்றிதழ் காட்டினார்கள், அதிகாரிகளும் உள்ளே விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் சித்தப்பா தன் பெயரை எழுதியதே இல்லை. “அண்ணன் பேரை என் பேரால மூட மாட்டேன்” என்பார். இரண்டு பேரும் அவரவர் நியாயத்தில் ஒழுங்காகத்தான் நடந்தார்கள். இரண்டு நியாயமும் சேர்ந்துதான் இப்போது கழுத்தைப் பிடித்தது.

விஷயம் மேல்மாடி விசா மாமாவின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன்னுடைய அனுமதியை வக்கீல் இல்லாமலே வாங்கிவிட்டார் என்பதால், அன்றிலிருந்து அந்த வட்டாரத்துக்கே சட்ட ஆலோசகர். வந்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “இதுக்குப் போயி வக்கீலா? ஊர்ல நமக்கு ஆள் இருக்காங்க. தகப்பன் பேரு உங்க வீட்டுக்காரர் பேரா போட்டு, ஒரு பிறப்புச் சான்றிதழ் ஏற்பாடு பண்ணிடலாம். கமுக்கமா முடிச்சுடலாம்” என்றார்.

சித்தப்பா முகம் சுண்டிப்போனது. சித்தி அவரை முந்திக்கொண்டாள்.

“மாமா, செத்துப்போன மனுஷன் பேரை அடிச்சுட்டு இன்னொரு பேரை எழுதறதா? டீ குடிச்சாச்சில்ல, மேல போங்க. மாமி தேடப்போறாங்க.”

விசா மாமா போன பிறகு சித்தப்பா மறுபடியும் மெதுவாக ஆரம்பித்தார். கடைசியில் சித்தி, “சரி, ஒருதரம் போய்ப் பாப்போம். கேக்கறதுக்குத் தானே” என்று இறங்கி வந்தாள். சித்தப்பாவின் கம்பெனியில் யாரோ சொன்ன வக்கீல். கண்ணாடி மேஜை, மூலையில் ஒரு செடி, சுவரில் அவரே சிரித்துக்கொண்டிருக்கும் படம். சித்தி முதலில் பார்த்தது அவருடைய கோட்டைத்தான். தோளில் ஒரு சுருக்கம் இல்லை, கைவிளிம்பு சரியாக நின்றது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கோட்டு வக்கீல் கடிதத்தைப் படித்தார், சிரித்தார், பேசினார். மூத்தவள் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னாள்.

“ரொம்பச் சுலபம்ங்கறார். ‘இவள் எங்கள் பிள்ளை அல்ல, மொழி புரியாமல் தவறாகக் குறித்துவிட்டோம்’னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடுங்க. என்னை மனுவில இருந்து எடுத்துடலாம். நாலு பேருக்கும் தொந்தரவு இல்லாம கிடைச்சுடும். என் விஷயத்தைப் பிறகு பாத்துக்கலாம்ங்கறார்.”

தன் தலையில் விழப்போகிற கல்லைத் தானே எடுத்துக் கொடுக்கிற மாதிரி அவள் அதைச் சொன்னாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. சித்திக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

“எழுந்திரு” என்றாள். “அவர்கிட்ட சொல்லு. அளவு சரியில்லைன்னா துணியைத்தான் திருத்தணும், ஆளை வெட்டக் கூடாதுன்னு சொல்லு.”

மூத்தவள் வக்கீலிடம் நாலே வார்த்தை சொன்னாள். வக்கீல் சந்தோஷமாகக் கை நீட்டினார். தான் சொன்னது அந்த நாலு வார்த்தைக்குள் அடங்காது என்று சித்திக்கு நன்றாகவே தெரியும்; “நன்றி, யோசிச்சுச் சொல்றோம்” என்று ஏதாவது சொல்லியிருப்பாள் கழுதை. இருந்தாலும் சித்தி பஸ் நிறுத்தம் வரைக்கும் போரில் ஜெயித்தவள் மாதிரி நடந்தாள். சித்தப்பா பின்னால் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து அமுக்கிக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முன் அறையில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். நடுவிலவளும் கடைக்குட்டியும் ஈரப் போர்வைக்கு அந்தப் பக்கம் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தி மேஜையைத் துடைத்து, மூத்தவளை உட்கார வைத்து, “எந்த வக்கீலும் வேண்டாம். நான் சொல்றேன், நீ அவங்க மொழியில எழுது” என்றாள். மூத்தவள் பேனாவை எடுத்தாள்.

“மதிப்பிற்குரிய அதிகாரிக்கு. இவள் எங்கள் மூத்த மகள். இதில் சந்தேகப்பட யாருக்கும் உரிமை கிடையாது.”

பேனா நின்றுவிட்டது.

“என்ன? எழுது.”

“உரிமை இருக்கு சித்தி. அவங்க வேலையே அதுதான்.”

“அப்ப நான் போட்ட டிக் பொய்யா?”

“நம்ம வீட்டுல உண்மை. அவங்க கட்டத்துல பொய்.”

“யாருடி சொன்னது? அந்தக் கோட்டு வக்கீலா?”

“யாரும் சொல்லலை. எனக்கே தெரியுது.” மூத்தவள் பேனாவை மூடி வைத்தாள். “சித்தி, எனக்குப் பயமா இருக்கு.”

சித்தி இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதே இல்லை. புது நாட்டில் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு வார்த்தை மொழி தெரியாமல் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனவள் அவள்.

“அன்னைக்கு நீ அந்த ஆபீஸ்ல இருந்து எழுந்து வந்தப்ப எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?” என்றாள் மூத்தவள். “ஆனா பஸ்ல வரும்போது யோசிச்சேன். உன் ரோஷம் தோத்துப்போச்சுன்னா பெட்டி கட்டப்போறது நான்தானே? வக்கீல் வேணும்னு சித்தப்பா சொல்றாரு. வேண்டாம்னு நீ சொல்றே. மேல்மாடி மாமா வரைக்கும் யோசனை சொல்லிட்டாரு. என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

போர்வைக்கு அந்தப் பக்கம் சண்டையும் நின்றுவிட்டது. சித்திக்குக் கன்னத்தில் ஒன்று வாங்கியது போல இருந்தது. முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. வளர்த்த கடா மார்பில் பாய்கிறதே என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டாள். இந்தப் பெண் கேட்டதில் என்ன தப்பு? இப்படி முகத்துக்கு நேராக, கண்ணைத் தாழ்த்தாமல் கேட்க இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வேறு யார், தான்தான். வெட்கத்துக்கு நடுவிலும் அது அவளுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

“சரி, இப்பக் கேக்கறேன்” என்றாள். “சொல்லு. உனக்கு என்ன வேணும்?”

“வக்கீல் வேணும். என்னை வெளியில எடுக்கச் சொல்லாத வக்கீல்.”

அப்படி ஒரு வக்கீல் சித்தியின் கடைக்கே வந்து போய்க்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து போடுவார். ஒவ்வொரு தடவையும் உள் பை லைனிங்கோடு பிய்ந்து தொங்கும். குடியேற்ற வழக்குகள் நடத்துகிற அம்மாள் என்று முதலாளியம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். பையில் என்னத்தைத்தான் திணிப்பாரோ. சித்தி அவருக்குக் கிழிசல் வக்கீல் என்று பெயர் வைத்து, கை ஜாடையிலேயே பலமுறை திட்டியும் இருக்கிறாள். கடைக்கு வரும்போது கேட்டிருக்கலாம். ஆனால் ஊசியும் கையுமாக நின்றுகொண்டு வாடிக்கையாளரிடம் உதவி கேட்பதா? சித்தி அதற்கு ஒப்பவில்லை. மூத்தவளை விட்டு முறையாக நேரம் வாங்கச் சொல்லி, பீரோவிலிருந்து நல்ல உடை எடுத்து உடுத்திக்கொண்டு, ஐந்து பேருமாகக் கிழிசல் வக்கீலின் ஆபீசுக்குப் போனார்கள்.

மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறை. உட்காருகிற நாற்காலியிலெல்லாம் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. சித்தியைப் பார்த்ததும் வக்கீல், வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி, கோட்டுப் பையைக் கையால் மறைத்துக்கொண்டார். பிறகு நாற்காலிகளைக் காலி செய்து எல்லோரையும் உட்கார வைத்து, முதலில் மூத்தவளிடம்தான் பேசினார். “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டிருக்கிறார். மூத்தவள் அதைத் தமிழில் சொன்னபோது சித்தி தரையைப் பார்த்தாள். முதல் சந்திப்பிலேயே ஒரு அந்நிய மனுஷிக்குத் தோன்றிய கேள்வி தனக்குத் தோன்ற இத்தனை நாள் ஆனதே என்றிருந்தது.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, சித்தியைப் பார்த்துச் சொன்னதை மூத்தவள் மாற்றிச் சொன்னாள்.

“பதில் கடிதத்துல முதல் வரியிலேயே தப்பை ஒத்துக்கணும்ங்கறாங்க.”

“நான் பொய் சொல்லலைன்னு சொல்லு.”

“பொய் சொன்னீங்கன்னு அவங்களும் சொல்லலையாம். தப்பான கட்டத்துல குறிச்சீங்க, அவ்வளவுதானாம். ‘இவள் எங்கள் பிள்ளை அல்ல’ன்னு எழுத வேண்டியதே இல்லையாம். எப்படிப் பிள்ளையானேன்னு எழுதினாப் போதுமாம். அது கூடவே, இங்க கோர்ட்டுல முறைப்படி தத்தெடுக்க மனுப் போடணுமாம். பதினெட்டு வயசுக்கு முன்னாடி போட்டாகணும்.”

சித்தப்பா நிமிர்ந்தார். “அப்ப அண்ணன் பேரு?”

“அது அப்படியே இருக்கும் சித்தப்பா. அதை மாத்தணும்னு கட்டாயம் இல்லையாம். மாத்தச் சொன்னாலும் நான் விட மாட்டேன்.”

இதற்கிடையில் கடைக்குட்டி, “சித்தி, தண்ணி” என்றான். நடுவிலவள், “சித்தி, அவன் என் காலை மிதிக்கறான்” என்றாள். வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டு மூத்தவளிடம் ஏதோ கேட்டார். மூத்தவள் சிரித்துவிட்டாள்.

“நான்தான் அண்ணன் மகள், சித்தின்னா சித்தப்பாவோட மனைவின்னு சொல்லியிருந்தேன். தம்பியும் தங்கச்சியும் ஏன் உன்னைச் சித்தின்னு கூப்பிடறாங்கன்னு கேக்கறாங்க. பெத்த பிள்ளைங்களும் எதுக்கு அப்படிக் கூப்பிடணுமாம்?”

இதுவரை இதை யாரும் சித்தியிடம் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் சொன்னதில்லை, மூத்தவளிடம்கூட.

“நடுவிலவ பேச ஆரம்பிச்சப்ப, நீ கூப்பிடறதைப் பாத்து அவளும் சித்தின்னா. இவர் ‘அம்மான்னு சொல்லு’ன்னு திருத்தப் பாத்தார். நான்தான் வேண்டாம்னுட்டேன். அவ அம்மான்னு சொல்லி, நீ சித்தின்னு சொன்னா, ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி ஆயிடும். உன்னை அம்மான்னு கூப்பிடச் சொல்ல எனக்கு மனசு வரலை. அது உன்னைப் பெத்த மகராசி பேரு. அதனால இருக்கட்டும், மூணு பேருக்கும் நான் சித்தியாவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன். இதுல என்ன இருக்கு?”

மூத்தவள் இதையும் ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னாள். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக எழுதினார்.

கடைசியாக வக்கீல் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார். உண்மையை எழுதினாலும் உத்தரவாதம் கிடையாது. அதிகாரி நம்பவில்லை என்றால் ஐந்து பேருடைய மனுவும் போகலாம். மூத்தவளை எடுத்துவிட்டால் மற்ற நாலு பேருக்கும் நிச்சயம் கிடைக்கும். அந்த வழியும் இருக்கிறது, சொல்ல வேண்டியது தன் கடமை என்றார். சித்தி வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“கிடைச்சா அஞ்சு பேருக்கும் கிடைக்கட்டும். இல்லைன்னா அஞ்சு பேரும் சேந்து கிளம்பறோம். லிஃப்ட் எல்லா ஊர்லயும் பழுதாகும்.”

இத்தனை வருஷம் இந்த மனுஷனை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்று சித்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வக்கீலிடம், “சரி, நீங்களே நடத்துங்க” என்றாள். கடையில் ஒரு நல்ல துணியைத் தேர்ந்தெடுக்கிற தோரணையில்தான் சொன்னாள். அந்தத் தோரணையை மட்டும் அவளால் விட முடியவில்லை.

விசாரணை நாளன்று குடியேற்ற அலுவலகத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். நீள மேஜை, தண்ணீர்க் குவளை, சுவரில் ஒன்றுமே இல்லை. அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த நடுத்தர வயதுக்காரர். பக்கத்தில் அரசாங்க மொழிபெயர்ப்பாளர். அவர் தமிழ் பேசினால் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. கிழிசல் வக்கீல் தான் எழுதியதை மேஜையில் வைத்தார். கோர்ட்டில் தத்து மனு போட்டதற்கான நகலும் அதில் இருந்தது.

“இந்தக் கட்டத்தைக் குறித்தது தாங்களா?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“ஆமா. நான்தான் குறிச்சேன். தப்பான கட்டம். இவருக்கோ பிள்ளைங்களுக்கோ அதுல சம்பந்தம் இல்லை.” சித்தி முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். தப்பை ஒத்துக்கொள்ளும்போது தலை தாழ்ந்துவிடும் என்று பயந்துகொண்டே வந்திருந்தாள். தாழவில்லை.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். பிறகு மூத்தவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் சொன்னபோது சித்தப்பாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

“உன்னைத் தங்கள் மகளாகவே நினைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட ஏன் முறைப்படி தத்தெடுக்கவில்லை? இந்த அனுமதி தேவைப்படும்போது மட்டும் ஏன் அந்த எண்ணம் வந்தது?”

வக்கீல் பேச வாயெடுத்தார். மூத்தவள் கையை லேசாக உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, அதிகாரியைப் பார்த்துத் தானே பேசினாள். பள்ளிக்கூடத்திலும் பல் டாக்டரிடமும் பேசுகிற அதே தெளிவு. சித்திக்கு முழுசாகப் புரியவில்லை. அப்பா என்பது புரிந்தது, தோள் என்பது புரிந்தது, இரண்டு முறை ‘சித்தி’ என்று வந்தது. அந்தச் சொல்லை மட்டும் அவள் மாற்றாமல் அப்படியே சொன்னாள். அவள் முடித்ததும் மொழிபெயர்ப்பாளர் சித்தியின் பக்கம் திரும்பினார்.

“அவர் கூறுவது இது. ‘ஒரு குழந்தையைத் தத்தெடுக்க வேண்டுமென்றால், முதலில் அது யாருமில்லாமல் நிற்க வேண்டும். நான் அப்படி ஒரு நாளும் நின்றதில்லை. என் அப்பாவின் வீட்டிலிருந்து சித்தப்பாவின் தோளில்தான் வெளியே வந்தேன். அவர் என்னை இறக்கிய இடத்தில் சித்தி இருந்தார். நடுவில் என்னை யாரும் தத்தெடுக்க இடமே இருக்கவில்லை. தாள் இல்லை என்பது எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை. உங்களுக்குத் தேவைப்படுகிறது, அதனால் இப்போது வாங்குகிறோம். எங்களுக்கு அது எப்போதும் தேவைப்பட்டதில்லை. சித்தி தவறான கட்டத்தைக் குறித்தார் என்பது உண்மை. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் குறித்திருப்பேன்.’”

கடைசி வரியில் மொழிபெயர்ப்பாளரின் பாடப்புத்தகக் குரல் கொஞ்சம் தடுக்கியது. சித்தப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் தளும்பினால் அவர் அப்படித்தான் பார்ப்பார். சித்திக்கு அழுகை வரவில்லை. பெருமைதான் வந்தது. இந்த அறையிலிருந்து ஐந்து பேரையும் வெளியே தள்ளினாலும் இது போகாது என்று அவளுக்குத் தோன்றியது.

அதிகாரி நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, வக்கீல் எழுதியதை மறுபடி முதலிலிருந்து படித்தார். வக்கீலோடு சிறிது நேரம் பேசினார். பிறகு மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: வேண்டுமென்றே பொய் சொன்னதாகத் தான் கருதவில்லை என்கிறார். கோர்ட்டின் உத்தரவு வரும் வரைக்கும் ஐந்து பேருடைய மனுவும் ஒன்றாகவே இருக்கும். அதற்குள் பதினெட்டு வயது ஆனாலும் மூத்தவளின் பெயரை எடுக்க மாட்டார்கள். உத்தரவு வந்ததும் அனுமதி தருவதற்குத் தன் பக்கத்தில் தடையில்லை.

வக்கீல் மேஜைக்கு அடியில் சித்தியின் கையைப் பிடித்து அழுத்தினார்.

“தாங்கள் வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?” என்று மொழிபெயர்ப்பாளர் வழக்கம்போலக் கேட்டார்.

“ஆமா” என்றாள் சித்தி. “அவ சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க.”

“விளங்கவில்லையா அம்மா?”

“நல்லா விளங்குச்சு. அதனாலதான் கேக்கறேன்.”

மொழிபெயர்ப்பாளர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி விஷயத்தைக் கேட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சொல்லட்டும் என்று தலையசைத்தார். மூத்தவள் நாற்காலியைச் சித்தியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை தமிழிலேயே சொன்னாள்.